தனுஷ்கோடி ஒவ்வொரு வரைபடத்திலும் ஏன் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது?

மண்டபம் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "அளவை, திசை, குறியீடு, அட்சக்கோடு என்று பாடத்தை நடத்திவிடுகிறேன், பிள்ளைகளும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் அட்லஸையும் சுவர்ப் படத்தையும் செல்போனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'டீச்சர், தனுஷ்கோடி மூணுலயும் மூணு மாதிரி இருக்கே, எது சரி?' என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வரைபடத்தின் அடிப்படையை எங்கிருந்து ஆரம்பிப்பது?"

உங்கள் பிள்ளைகள் கேட்ட இடத்திலிருந்தே ஆரம்பிக்கலாம், டீச்சர். அதைவிட நல்ல ஆரம்பம் கிடைக்காது. நில அளவை வேலையாக இந்த மாவட்டத்தில் வெகுகாலம் அலைந்தவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மூன்று படமும் சரியாக இருக்கலாம். எல்லா வரைபடமும் யாரோ ஒருவருடைய தேவைக்காக, ஏதோ ஓர் ஆண்டில், ஏதோ ஓர் அளவில் வரையப்பட்டது. அந்த மூன்றும் தெரியாமல் படத்தைப் பார்த்தால் கோடுதான் தெரியும், செய்தி தெரியாது. 1964 டிசம்பர் 22-23 இரவு அடித்த புயலுக்கு முன்னால் வரைந்த படத்தில் தனுஷ்கோடிக்கு ரயில் பாதை போகும். தலைமன்னார் கப்பல் கிளம்பிய துறை அங்கே இருக்கும். புயலுக்குப் பின் அளந்த படத்தில் அந்தப் பாதை கிடையாது. 2017-க்குப் பிறகு வந்த படத்தில் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கும், அதற்கு முன் வந்ததில் வெறும் மணல்தான். இதில் எதையும் பொய் என்று சொல்ல முடியாது. ஆகவே பிள்ளைகளுக்கு முதலில் பழக்க வேண்டியது, படத்தின் நடுவே பாய்வதற்கு முன் ஓரத்தில் அச்சிட்டிருப்பதைப் படிக்கும் வழக்கம். எந்த ஆண்டு அளந்தது, எந்த ஆண்டு அச்சிட்டது, யார் வெளியிட்டது, என்ன அளவை எல்லாம் அங்கேதான் இருக்கும். அளந்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் வேறு வேறு என்பதையும் சொல்லிவிடுங்கள். இருபது வருடம் முன்னால் அளந்ததை இன்று புதுத் தாளில் அச்சிடுவது சாதாரணமாக நடப்பதுதான்.

இனி அளவை. 1:50,000 என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகளுக்கு அது வெறும் எண். பாம்பன் பாலத்தை வைத்துச் சொல்லுங்கள். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 1:50,000 படத்தில் ஒரு கிலோமீட்டர் என்பது 2 சென்டிமீட்டர். அப்படியானால் பாலம் 4 சென்டிமீட்டர், ஸ்கேலை வைத்து அளக்கலாம். 1:2,50,000 படத்தில் அதே பாலம் 8 மில்லிமீட்டர், நகத்தளவு. பள்ளி அட்லஸில் இந்தியா முழுவதும் ஒரு பக்கத்தில் இருக்குமே, அது தோராயமாக ஒரு கோடிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், பாலம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. பென்சில் முனையைவிட மெல்லியது. அந்தப் பக்கத்தில் பாம்பன் பாலத்தைக் காட்டவே முடியாது. காட்டியிருந்தால், வரைந்தவர் வேண்டுமென்றே பெரிதாக்கியிருக்கிறார் என்று அர்த்தம்.

அப்படிப் பெரிதாக்குவது தப்பும் கிடையாது. 10 மீட்டர் அகலச் சாலை 1:50,000 படத்தில் 0.2 மில்லிமீட்டர்தான் வரும். ஆனால் அச்சில் அதை அரை மில்லிமீட்டருக்கு மேல் தடித்த சிவப்புக் கோடாகப் போடுவார்கள், இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. படத்தில் சாலையின் அகலத்தை அளந்து நிலத்தின் அகலத்தைக் கண்டுபிடிக்க நினைத்தால் ஏமாந்துபோவோம். எதை அளக்கலாம், எதை அளக்கக் கூடாது என்பதைச் சொல்லாமல் அளவையைக் கற்றுத் தந்தால் பாதிப் பாடம்தான் முடிந்தது.

பெரிய அளவைப் படம், சிறிய அளவைப் படம் என்பதிலும் குழப்பம் வரும். சிறிய இடத்தை விளக்கமாகக் காட்டுவதுதான் பெரிய அளவைப் படம். 1:2,000 என்பது 1:50,000-ஐவிடப் பெரிய பின்னம், அவ்வளவுதான். அப்புறம் இன்னொன்று. ஜெராக்ஸ் கடையில் படத்தைச் சுருக்கி எடுத்தால், ஓரத்தில் எழுதிய 1:50,000 பொய்யாகிவிடும். கீழே கோடு போட்டுக் கிலோமீட்டர் குறித்திருப்பார்களே, அந்த நீட்டல் அளவைமட்டும் படத்தோடு சேர்ந்து சுருங்குவதால் சரியாகவே இருக்கும். வினாத்தாளில் படம் அச்சிடும்போது இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அளவை என்பது கணக்கோடு முடிகிற விஷயமும் இல்லை. கடற்கரை உள்ளவர்களுக்கு இதில் ஒரு நல்ல உதாரணம் அண்மையில் கிடைத்தது. இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516.6 கிலோமீட்டர் என்றுதான் நாமெல்லாம் படித்தோம். இப்போது அது 11,098.81 கிலோமீட்டர் என்று திருத்தப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டின் கடற்கரை 906.9 கிலோமீட்டரிலிருந்து 1,068.69 ஆகியிருக்கிறது. கடல் எங்கேயும் புதிதாக வந்துவிடவில்லை. பழைய கணக்கு எடுத்தது 1:45,00,000 அளவைப் படத்தில், புதியது 1:2,50,000 அளவைப் படத்தில். பழைய படத்தில் மண்டபம் முனையின் வளைவு, தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே உள்ள ஓடைவாய், முகத்துவாரத்துத் திட்டு எல்லாம் ஒரே இழுப்பில் நேராகிப் போயிருக்கும். விரிவான படத்தில் ஒவ்வொரு வளைவும் தனித்தனியாக நீளத்தில் சேரும். 1:10,000 படத்தில் அளந்தால் இன்னும் கூடும். கடற்கரையின் நீளம் என்ன என்று யாராவது கேட்டால், எந்த அளவையில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். இதை வகுப்பிலேயே செய்து காட்டலாம். ஒரே கரையை அட்லஸில் ஒரு நூல் வைத்து அளக்கச் சொல்லுங்கள், பிறகு போனில் பெரிதாக்கி அளக்கச் சொல்லுங்கள். இரண்டு விடையும் ஒத்துவராது.

அடுத்து இடம் குறிப்பது, அதாவது அட்சமும் தீர்க்கமும். உங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் ஜிபிஎஸ் கருவியோடு கடலுக்குப் போகிறவர்களாக இருப்பார்கள். ஆகவே இதை நாட்டின் எல்லையை வைத்துச் சொன்னால் மனதில் நிற்கும். இந்தியாவும் இலங்கையும் 1974-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பாக் நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரை எல்லையை ஆறு புள்ளிகளாகத்தான் குறித்தார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சம், தீர்க்கம். கடைசி இரண்டு புள்ளிகள் 9°13' வடக்கு, 79°32' கிழக்கு. பிறகு 9°06' வடக்கு, 79°32' கிழக்கு. இரண்டிலும் தீர்க்கம் ஒன்றுதான், பார்த்தீர்களா? அப்படியானால் அந்த இரண்டுக்கும் நடுவே எல்லை நேர் தெற்கு-வடக்காக, ஒரே தீர்க்கக்கோட்டின் மேலேயே போகிறது. அரிச்சல்முனையில் நின்று கிழக்கே பார்த்தால் சுமார் பத்து கிலோமீட்டரில் அந்தக் கோடு. கடலில் ஒரு அடையாளமும் இருக்காது. இரண்டு எண்களில்தான் அந்தக் கோடு இருக்கிறது.

அட்சத்தில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல்மைல், 1,852 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன இரண்டு புள்ளிகளுக்கும் ஏழு நிமிட வித்தியாசம், ஆகவே ஏழு கடல்மைல், அதாவது ஏறக்குறைய 13 கிலோமீட்டர். படமே இல்லாமல் எண்களைக் கழித்தே தூரம் வந்துவிட்டது. பிள்ளைகள் இதை ரசிப்பார்கள். தீர்க்கத்துக்கு இந்தக் கணக்கு எல்லா ஊரிலும் செல்லாது. வடக்கே போகப் போகத் தீர்க்கக்கோடுகள் நெருங்கிவரும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே ஒரு டிகிரித் தீர்க்கம் கிட்டத்தட்ட 110 கிலோமீட்டர், அட்சத்துக்குச் சமமாகவே வந்துவிடுகிறது. காஷ்மீரில் அப்படி வராது.

இங்கே ஓர் ஆபத்தான குழப்பம் இருக்கிறது, அதை வகுப்பில் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதலாம். டிகிரி-நிமிடம்-விநாடி ஒன்று, டிகிரியும் தசம நிமிடமும் ஒன்று, தசம டிகிரி ஒன்று. கடல் கருவிகளில் பெரும்பாலும் இரண்டாவது முறை. செல்போனில் மூன்றாவது முறை. கருவியில் 9°15.50' என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் .50 என்பது அரை நிமிடம், அதாவது 30 விநாடி. அதை ஒருவர் 9°15'50" என்று குறித்துக்கொண்டால் 20 விநாடி கூடிவிடும். ஒரு விநாடி அட்சம் சுமார் 31 மீட்டர். ஆக 600 மீட்டருக்கும் மேல் பிசகு. வலை போட்ட இடத்தைத் திரும்பத் தேடும்போது 600 மீட்டர் பிசகினால் டீசல்தான் வீண். எல்லைக்குப் பக்கத்தில் அதே பிசகு கிழக்கு-மேற்காக நடந்தால் ஒரு குடும்பமே அலையவேண்டியதாகிவிடும். ஒரு புள்ளிக்கும் ஒரு மேற்கோள் குறிக்கும் இவ்வளவு கனம் உண்டு என்பதை இந்தக் கரைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தராமல் வேறு யாருக்குச் சொல்வது?

அதோடு சேர்ந்ததுதான் பூமியின் வடிவக் கணக்கு. பழைய இந்தியப் படங்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற 1830-ஆம் ஆண்டுக் கணக்கின்மேல் வரைந்தவை. ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு கணக்கு. பழைய டோபோஷீட்டில், அதாவது சர்வே துறையின் நிலப்பரப்பு விவரத் தாளில், படித்த அட்ச-தீர்க்கத்தை அப்படியே போனில் அடித்தால் புள்ளி நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி விழும். கிணறு இருக்கவேண்டிய இடத்தில் ரோடு வந்தால் போனைக் குறை சொல்லாதீர்கள், இரண்டு படமும் ஒரே கணக்கில் வரைந்ததா என்று பாருங்கள்.

திசையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. காந்த ஊசி காட்டும் வடக்கும் உண்மை வடக்கும் நம் பக்கத்தில் இரண்டு டிகிரிக்குள்தான் விலகுகின்றன. பள்ளி வேலைக்கு அது போதும். வடக்கு எப்போதும் மேலே இருக்கவேண்டும் என்பது வழக்கம்தான், விதி கிடையாது என்பதைமட்டும் சொல்லிவிடுங்கள்.

உயரமும் ஆழமும் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் இந்தக் கரையில் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. நிலப் படத்தில் உயரத்தைச் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடுகிறார்கள். நாகப்பட்டினம், சென்னை போன்ற துறைமுகங்களில் கடல் ஏறி இறங்குவதைப் பல வருடம் பதிவுசெய்து, அதன் சராசரியைப் பூச்சியம் என்று வைத்தார்கள். கடற்படையின் நீர்நிலவரைவுத் துறை வெளியிடும் கடல் வரைபடத்தில் ஆழத்துக்குப் பூச்சியம் வேறு. நீர் மிகவும் வற்றும்போது எங்கே நிற்குமோ அங்கிருந்து கீழே அளப்பார்கள். காரணம் எளிது. மாலுமிக்குச் சராசரி ஆழம் உதவாது. எவ்வளவு வற்றினாலும் அடியில் இவ்வளவு தண்ணீர் நிச்சயம் என்ற உறுதிதான் வேண்டும். நம் மீனவர்கள் பாகக் கணக்கில் ஆழம் சொல்வார்கள், படத்தில் மீட்டர். இரண்டு கை விரித்த அகலம் ஒரு பாகம், ஆறடி அளவில் வரும்.

இப்போது நிலப் படத்தையும் கடல் படத்தையும் ஒட்டிப் பாருங்கள். கரைக்கோடு பொருந்தாது. பாக் விரிகுடாப் பக்கம் கடல் எவ்வளவு மெல்ல இறங்குகிறது என்று உங்களுக்கே தெரியும், வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீரிலேயே நடக்கலாம். 500 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் அடிமட்டம் என்று வைத்துக்கொண்டால், கடல் அரை மீட்டர் ஏறினால் கரைக்கோடு 250 மீட்டர் நகர்ந்துவிடும். பெண்கடல் என்று நம்மவர்கள் சொல்லும் அந்தப் பக்கத்தில் கரை என்பது ஒரு கோடு கிடையாது, ஒரு பட்டை. ஆண்கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் அலை அடித்து மணலை அள்ளுகிறது, கொட்டுகிறது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் இருந்த மணல் வாடைக்காலத்தில் அதே இடத்தில் இருப்பதில்லை. தனுஷ்கோடி முனையின் வடிவம் படத்துக்குப் படம் மாறுவதில் பெரும்பங்கு இதற்குத்தான். அது படம் வரைந்தவரின் கைப்பிசகாக இருக்கவேண்டியதில்லை, நிலமே அப்படி. மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள் என்று எழுதியிருக்கும். அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் நீருக்குள் போய்விட்டன. படத்தில் 21 என்று எண்ணுகிறவரும், படகில் போய் 19 என்று எண்ணுகிறவரும் சண்டை போட வேண்டியதில்லை.

இந்தக் கரைக்கோட்டில் வயிற்றுப்பாடும் இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்பது உயர் அலைக்கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை கணக்கு. அந்தக் கோட்டை எங்கே போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரு குடும்பம் வீடு கட்டலாமா, இருக்கிற வீட்டை எடுத்துக் கட்டலாமா என்பது முடிவாகும். மாவட்ட அளவிலான கடலோர மேலாண்மைப் படங்களை 1:25,000 அளவையில் தயாரிக்கிறார்கள். அதில் அரை மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டின் தடிப்பே தரையில் பன்னிரண்டரை மீட்டர். ஒரு வீடும் வாசலும் அந்தக் கோட்டுக்கு அடியிலேயே அடங்கிவிடும்! ஆகவே வீட்டு மனைக்கு அந்தப் படம் போதாது, சர்வே எண் தெரியும் பெரிய அளவைப் படத்தைக் கேட்க வேண்டும் என்பது ஊர்மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மீனவக் கிராமங்களில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும்போது முதல் கேள்வியே "இது என்ன அளவைப் படம்?" என்று இருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஒன்பதாம் வகுப்புப் பாடம் அங்கேதான் உதவிக்கு வருகிறது.

சரி, டோபோஷீட்டுக்கு வருவோம். 1767-இல் தொடங்கிய சர்வே ஆஃப் இந்தியா இதை வெளியிடுகிறது. எண் முறையைப் புரியவைக்க நம் ஊரையே எடுக்கலாம். 76 முதல் 80 டிகிரிக் கிழக்கு, 8 முதல் 12 டிகிரி வடக்கு வரை உள்ள பெரிய கட்டத்துக்கு எண் 58. அதை ஒவ்வொரு டிகிரியாக வெட்டினால் 16 கட்டம், ஏ (A) முதல் பி (P) வரை எழுத்து, மேலிருந்து கீழாக, பத்தி பத்தியாகப் போகும். ராமநாதபுரம் நகரம் விழுவது 58 கே. ராமேஸ்வரம் 79 டிகிரியைத் தாண்டிவிடுவதால் 58 ஓ. ஒவ்வொரு எழுத்தையும் திரும்ப 16 ஆக, 15 நிமிடக் கட்டங்களாக வெட்டினால் நாம் கையில் பிடிக்கும் 1:50,000 தாள். ராமநாதபுரம் 58 கே/15, மண்டபம் 58 ஓ/3, ராமேஸ்வரம் நகரம் 58 ஓ/7, தனுஷ்கோடி அதற்குக் கீழே 58 ஓ/8. ஒரே தீவு ஒன்றுக்கு மேற்பட்ட தாளில் வருகிறது, ஏனென்றால் கட்டம் வெட்டும்போது ஊரைப் பார்த்து வெட்டுவதில்லை. 2005-ஆம் ஆண்டு தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்கென்று வரும் தாள்களுக்கு எண் முறை வேறு. ஆனால் பழைய எண்ணைத்தான் இன்றும் பலரும் சொல்வார்கள்.

அந்தத் தாளைப் பிள்ளைகள் முன் விரியுங்கள். சம உயரக்கோட்டைப் பற்றிப் பாடப்புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்லும். நம் தாளில் தேடினால் அநேகமாக அகப்படாது. 20 மீட்டருக்கு ஒரு கோடு என்று போட்டால், கடலோரத்தில் 20 மீட்டரைத் தொடும் நிலம் எங்கே இருக்கிறது? அதற்காக ராமநாதபுரத்தில் மேடு பள்ளமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இந்த மாவட்டத்தின் உயிரே கண்மாயில் இருக்கிறது. ஒரு முழம் சரிவை வைத்து ஒரு கண்மாயிலிருந்து அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுபோனவர்கள் நம் முன்னோர். அந்த நுட்பம் 20 மீட்டர் இடைவெளிக் கோட்டில் சிக்காது. ஆனால் கண்மாய்க் கரையின் மேல் 3ஆர், 4ஆர் என்பதுபோல் ஒரு சின்ன எண்ணும் எழுத்தும் போட்டிருப்பார்கள். பக்கத்துத் தரையிலிருந்து கரை எத்தனை மீட்டர் உயரம் என்று அர்த்தம். வருடம் முழுவதும் தண்ணீர் நிற்கும் நீர்நிலைக்கு நீலம், வற்றிப்போகும் ஓடைக்கும் குளத்துக்கும் கறுப்புக் கோடு, விளைநிலத்துக்கு மஞ்சள், மணல்மேட்டுக்குப் பழுப்புப் புள்ளிகள். அப்புறம் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பனைக்கென்று தனிக் குறியீடு வைத்திருக்கிறார்கள். மற்ற மரங்களோடு சேர்க்காமல் பனையைத் தனியே நிறுத்தியிருப்பதைச் சாயல்குடி, கடலாடிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் காட்டுங்கள், முகம் மலரும். கலங்கரை விளக்கம், கோவில், பள்ளிவாசல், தேவாலயம், இடுகாடு எல்லாவற்றுக்கும் குறி இருக்கிறது. குறியீட்டுப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, தங்கள் ஊரில் இருப்பதையெல்லாம் தாளில் தேடச் சொல்வது நல்லது. எது இல்லை என்று கண்டுபிடிப்பவருக்கு இரண்டு மதிப்பெண் கூடப் போடுங்கள்.

இதையெல்லாம் எப்படி அளந்தார்கள் என்பது அடுத்த கேள்வி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் உட்கார்ந்து டாலமி உலகப் படத்துக்குக் கணக்கு எழுதினார். நம் முனையைக் கோரி என்ற பெயரில் அவர் குறிப்பிட்டதாக அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். இங்கே வராமல், வணிகர்களும் மாலுமிகளும் சொன்னதை வைத்து எழுதியதால், இலங்கை பல மடங்கு பெருத்தும் நம் தீபகற்பம் சப்பையாகவும் வந்துவிட்டன. முக்கோணம் முக்கோணமாக நாட்டையே அளக்கும் பெருவேலை இங்கே 1802-இல் தொடங்கியது. ஆங்கிலேய அளவையர் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அங்குலம் அங்குலமாக அளந்தார். தொடக்கத்தில் கையால் அளந்த நீளம் அதுதான். அதன் இரு முனையிலும் நின்று தூரத்தில் உள்ள ஒரு மலை உச்சியைத் தியோடலைட்டில் பார்த்துக் கோணம் எடுத்தால், முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கத்தையும் கணக்கிலேயே பெறலாம். பிறகு அந்தப் பக்கத்தை அடிக்கோடாக வைத்து அடுத்த முக்கோணம். இப்படியே இமயம் வரைக்கும் போனார்கள்.

மலை இருக்கும் ஊரில் இது நடக்கும். தஞ்சாவூர், ராமநாதபுரம் மாதிரிச் சமவெளியில் எங்கே ஏறி நின்று பார்ப்பது? கோபுரத்தின் மேல்தான். 1808-இல் தஞ்சைப் பெரிய கோவிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தன் கையாலேயே அதைச் சரிசெய்தார். உயரமான இடம் வேண்டுமென்று ஏன் இவ்வளவு பாடு? பூமி வளைந்திருப்பதால்தான். படகில் நிற்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டரில் இருந்தால் தொடுவானம் 5 கிலோமீட்டர்தான். ராமேஸ்வரம் கிழக்குக் கோபுரம் 126 அடி. அதன் உச்சியிலிருந்து தொடுவானம் 22 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால், வானம் தெளிந்த நாளில் 27 கிலோமீட்டர் தூரத்தில் படகில் இருப்பவர்கூட உச்சியைப் பார்க்க முடியவேண்டும். ராமேஸ்வரத்துத் தொலைக்காட்சிக் கோபுரம் 323 மீட்டர், அது இன்னும் வெகுதூரம் தெரியும். ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் மீனவர்கள் கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே நேராக வைத்து ஒரு கோடும், இன்னும் இரண்டை நேராக வைத்து மற்றொரு கோடும் பிடித்து, அவை வெட்டும் இடத்தில்தான் பார், அதாவது கடலடிப் பாறை, இருக்கிறது என்று நினைவில் வைத்துக்கொண்டார்கள். லாம்டன் கோணத்தை வைத்துச் செய்ததும் இந்த வெட்டுப்புள்ளி வேலைதான். வகுப்பில் ஒரு தாத்தாவைக் கூப்பிட்டு இதைச் சொல்ல வைத்தால் என் பத்தி எதுவும் தேவைப்படாது.

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் படம் புலப்படம். பட்டாவோடு எஃப்எம்பி என்று வாங்குகிறோமே, அதுதான். நிலத்துக்கு நடுவே ஒரு நேர்கோடு பிடித்து, அந்தக் கோட்டிலிருந்து வரப்பின் ஒவ்வொரு முறிவுக்கும் செங்குத்தாக எத்தனை தூரம் என்று ஆஃப்செட் எடுத்து எழுதுவார்கள். அதை வைத்து எப்போது வேண்டுமானாலும் வரப்பைத் திரும்பப் போட்டுவிடலாம், கல் இருந்தால். பழைய சங்கிலி 66 அடி, நூறு கண்ணி. ஒரு சங்கிலிக்கு ஒரு சங்கிலி சதுரம் போட்டால் சரியாகப் பத்து சென்ட், பத்து சதுரம் சேர்ந்தால் ஓர் ஏக்கர். இந்தக் கரையில் கல் மணலுக்குள் போய்விடுவது வாடிக்கை. படம் துல்லியமாக இருந்தும் பிடிக்க ஓர் இடம் இல்லாமல் அளவையர் தவிப்பார். இப்போது செயற்கைக்கோள் சமிக்ஞையை வைத்துச் சில சென்டிமீட்டருக்குள் புள்ளி பிடிக்கும் கருவிகள் வந்துவிட்டன. உங்கள் போன் திறந்த வெளியில் ஐந்து மீட்டர் அளவில்தான் சொல்லும். போனை வைத்து வரப்புத் தகராறைத் தீர்க்க முயல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஐந்து மீட்டருக்குள் ஒரு மனையின் அகலமே பாதி போய்விடும்.

உருண்டையைத் தட்டையாக்கும் கோட்டுச்சட்டம் பற்றிக் கேட்டால், ஒரு பழைய ரப்பர் பந்தை வெட்டி மேசையில் அழுத்திக் காட்டுங்கள். எங்காவது கிழியும், எங்காவது இழுபடும். போன் படங்கள் பின்பற்றும் மெர்கேட்டர் முறை 1569-இல் கடலோடிகளுக்காக வந்தது. திசை கெடாது, துருவத்துப் பக்கம் பரப்பு ஊதிவிடும். நம் அட்சத்தில் நீளம் ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் இழுபடுகிறது. கிரீன்லாந்துப் பிள்ளைகளுக்கு உள்ள கஷ்டம் நம் பிள்ளைகளுக்கு இல்லை.

கடைசியாக ஒரு வேலை. பள்ளி மைதானத்தை 1:500 அளவையில் பிள்ளைகளே வரையட்டும். ஒரு சென்டிமீட்டருக்கு 5 மீட்டர். 30 மீட்டர் டேப் ஒன்று, கயிறு ஒன்று, நான்கு குச்சி போதும். மைதானத்தின் குறுக்கே ஒரு நேர்கோடு பிடித்து, மரத்துக்கும் குழாயடிக்கும் சுவர் மூலைக்கும் ஆஃப்செட் எடுக்கச் சொல்லுங்கள். வடக்கைக் கண்டுபிடிக்க ஒரு நேர்க்குச்சியை நட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும், பிற்பகலில் திரும்பத் தொடும் இடத்தையும் குறித்து இணைத்தால் கிழக்கு-மேற்குக் கோடு. அதற்குச் செங்குத்து வடக்கு. நம் கட்டடக்காரர்கள் காலங்காலமாகச் செய்துவந்த முறை இது. நண்பகல் நிழலைமட்டும் நம்பிச் செய்யாதீர்கள். ராமேஸ்வரத்தில் சித்திரை முதல் நாளை ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழலே இல்லாமல் போகும். ஆகஸ்ட் கடைசியில் திரும்ப ஒருமுறை அப்படி நடக்கும். அந்த இரண்டு நாளுக்கும் இடையே நண்பகல் நிழல் தெற்கே விழும், நுனி காட்டும் பக்கம்தான் வடக்கு என்று நினைத்த பிள்ளை மைதானத்தையே தலைகீழாக வரைந்துவிடும். நம் கடிகாரத்தில் உண்மையான நண்பகல் பன்னிரண்டுக்கும் வருவதில்லை. வருடத்தின் பெரும்பகுதி சில நிமிடம் பிந்தித்தான் வரும், ஏனென்றால் நம் நேரம் 82½ டிகிரித் தீர்க்கத்துக்குரியது, நாமோ 79-இல் இருக்கிறோம்.

வரைந்து முடித்த தாளின் ஓரத்தில் அளவை, தேதி, அளந்தவர் பெயர், எந்தப் புள்ளியிலிருந்து அளந்தார்கள் என்பது நான்கும் இருந்தால்தான் மதிப்பெண் என்று சொல்லிவிடுங்கள். பள்ளி கடலுக்குப் பக்கத்தில் இருந்தால் சுவர் மூலையிலிருந்து அலை ஏறிய கோடு வரை ஒரு தூரத்தையும் அளந்து, அன்றைய நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள். அதே அளவை வாடைக்காலம் முடிந்ததும் இன்னொரு முறை எடுக்கலாம்.